தங்கம் தீர்ந்த பிறகும் அந்தக் குழிக்கு விலை இருந்தது

தேனிப் பக்கம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து அமைக்கத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் பேச்சை எடுத்தாலே நம்மூரில் இரண்டு கட்சி ஆகிவிடும். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. என் ஆற்றாமை அதற்கும் முந்தைய கதை பற்றியது. புதிதாக மலையைக் குடையத் தேவையே இல்லாத ஓர் இடம் நம்மிடம் இருந்தது. கோலார் தங்கவயல். அதைத் தண்ணீரில் மூழ்க விட்டோம்.

நியூட்ரினோ என்பது எதனோடும் அநேகமாக மோதாத நுண்துகள். அதைப் பிடிக்க ஏன் பாதாளத்துக்குப் போகணும்? ஒவ்வொரு நொடியும் பல லட்சம் கோடி நியூட்ரினோக்கள் நம் உடம்பைத் துளைத்துக்கொண்டு போகின்றன, நமக்கு ஒன்றும் ஆவதில்லை. எப்போதாவது ஒன்று அணுவில் மோதினால்தான் தடயம் கிடைக்கும். தரைமட்டத்தில் கருவியை வைத்தால் வானிலிருந்து பொழியும் மியூவான் என்ற வேறு துகள்களுக்கு நடுவே அந்த ஒன்றைத் தேடுவது, கெட்டிமேளம் முழங்கும்போது கொலுசுச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டுகிற கதைதான்.

1960களின் தொடக்கத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் கோலாரில் மட்டம் மட்டமாக இறங்கி மியூவான்களை எண்ணினார்கள். இறங்க இறங்க, மேலே உள்ள பாறை தடுத்து எண்ணிக்கை சரிந்தது. 2,760 மீட்டர் ஆழத்தில் இரண்டு மாதம் கருவி ஓடியும் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. வேறு யாராவது என்றால் மூட்டையைக் கட்டியிருப்பார்கள். இவர்களுக்கு அந்தப் பூஜ்யம்தான் புதையல். இவ்வளவு அமைதியான இடத்தில் ஒரு மியூவான் தென்பட்டால், அது நியூட்ரினோ பாறையில் மோதிப் பிறந்ததாக இருக்கலாமே!

அடுத்து ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து 2.3 கி.மீ. ஆழத்தில் ஒரு வேலை செய்தார்கள். மேலிருந்து தப்பி வருகிற மியூவான் அநேகமாகச் செங்குத்தாகத்தான் வரும். பக்கவாட்டில் வரணும் என்றால் இன்னும் பல கி.மீ. பாறையைத் தாண்டணும், அதற்கு முடியாது. நியூட்ரினோவுக்கோ எல்லாத் திசையும் ஒன்றுதான். அதனால் துகள் பட்டால் மினுக்கும் பிளாஸ்டிக்கில் இரண்டு சுவர்களை எதிரெதிரே நிறுத்தினார்கள். குறுக்கே பாய்ந்து இரண்டையும் தொட்டால் ஆள் அகப்பட்டான். எளிமையான யோசனை, எனக்கு ரொம்பப் பிடித்தது. மேனன், ஸ்ரீகண்டன், மியாகே, வுல்ஃபெண்டேல் எல்லாரும் இருந்த அந்தக் குழுவின் கட்டுரை 1965 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இதையே தேடிய அமெரிக்க இயற்பியலாளர் ரெய்ன்ஸின் குழுவுக்கு முதல் தடம் பிப்ரவரியிலேயே சிக்கிவிட்டது. ஆனாலும் அச்சில் இரண்டு வாரம் முந்தியது கோலார்தான்.

அந்தக் குழியை வெட்டியது யார்? வட ஆற்காடு, தர்மபுரி, சேலம் பக்கமிருந்து போன நம் ஜனங்கள்தான் பெரும்பாலும். அதிலும் அதிகம் தலித் மக்கள். அனலடிக்கும் பாறை, எப்போது வெடித்துச் சிதறும் என்று தெரியாத பாறை. இயற்பியல் வரலாற்றில் இவர்களுக்கு அரை வரிகூட இல்லை.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் கட்டுப்படியாகவில்லை, நியாயம். ஆனால் அமெரிக்காவில் என்ன நடந்தது பாருங்கள். தெற்கு டகோட்டாவின் ஹோம்ஸ்டேக்கும் தங்கச் சுரங்கம்தான். ரே டேவிஸ் அதற்குள் சூரிய நியூட்ரினோக்களைப் பிடித்து 2002இல் நோபல் வாங்கினார். அந்தச் சுரங்கமும் மூடப்பட்டது. 2003இல் பம்பை நிறுத்தினார்கள், தண்ணீர் ஏறியது. பிறகு மாநில அரசே சுரங்கத்தை நன்கொடையாகப் பெற்றுக்கொண்டு, ஏறிய தண்ணீரை இறைத்து, ஆய்வகம் ஆக்கியது. ஜப்பானின் கமியோகா துத்தநாகச் சுரங்கமும் கனடாவின் சட்பரி நிக்கல் சுரங்கமும்கூட நோபல் வரை போனவைதான்.

கோலாரில் இறைக்கப் பணம் ஏது என்பீர்கள். பொட்டிப்புரத்துக்கு 2015இல் சுமார் 1,500 கோடி ஒப்புதல் ஆனதே (கருவிக்கும் சேர்த்துத்தான்). ஐம்பதாயிரம் டன் இரும்புக் கருவியை வெடிக்கிற பாறைக்குள் நிறுத்த முடியாது என்றால் அதை ஒப்புக்கொள்கிறேன். கரும்பொருள் (ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் மர்மப் பொருள்) தேடுகிற சின்னக் கருவிகளுக்கு அவ்வளவு இடம் வேண்டாம், ஒரு அறை போதும். இன்று அந்தத் தேடலுக்காக ஜார்க்கண்டில் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்துக்குள் ஆய்வகம் வைத்திருக்கிறார்கள். 2017இல் திறந்தது. ஆழம் 555 மீட்டர். கோலாரில் நம்மவர்கள் 1965இல் கருவி வைத்த இடத்தில் கால்வாசிகூட இல்லை.