ஐந்து நாளில் கரைத்துக் குடித்தவன் எழுதுகிறேன்

ஞாயிற்றுக்கிழமை மாலை பாளையங்கோட்டைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்கு நேரிலேயே தெரியும். மீதிப் பேருக்கு அன்று இரவே வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். ஆகவே முழுக்கதையைத் திரும்பச் சொல்லவில்லை. அம்மாவோடு ஐந்து நாள் இலங்கை போய்வந்ததைப் பற்றி அங்கே பேசினேன், அதைக் கேலி செய்தார்கள், அவ்வளவுதான். “ஐந்து நாளில் இலங்கையைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருக்கிறார்” என்று எனக்குப் பிறகு பேசிய அண்ணாச்சி மைக்கில் சொன்னதும், அதற்கு எழுந்த சிரிப்பும் இன்னும் காதில் இருக்கின்றன. சிரித்தவர்களில் இரண்டு பேர் என் வீட்டில் கை நனைத்தவர்கள். இருக்கட்டும்.

நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? கொழும்பில் சாலையைக் கடக்கிற கோட்டில் கால் வைத்தவுடன் பஸ் நின்றது என்றேன். ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை, முறைக்கவில்லை, முட்டுவலிக்காரியான என் அம்மா கடந்து முடிக்கும்வரை காத்திருந்தார் என்றேன். வண்ணார்பேட்டையில் ஒருமுறையாவது சாலையைக் கடந்தவருக்கு இது ஏன் சொல்லத்தக்க செய்தி என்று விளக்க வேண்டியதில்லை. பார்த்தேன், சொன்னேன். அந்த நாட்டில் விபத்தே கிடையாது என்றா சொன்னேன்?

பார்த்ததைச் சொல்ல எத்தனை நாள் தங்கியிருக்க வேண்டும்? கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரு மாதம் போதுமா, இல்லை குடியுரிமை வாங்கிக்கொண்டு வந்துதான் மைக்கைத் தொட வேண்டுமா?

சில வருடங்களுக்கு முன் வெளியூர் நண்பர் ஒருவரைப் பாபநாசம் படித்துறைக்கு அழைத்துப் போனேன். கோயிலைப் பற்றியும் பொதிகையைப் பற்றியும் நான் அளந்துகொண்டிருந்தேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஆற்றில் ஏன் இவ்வளவு துணி கிடக்கிறது?” என்றார். பரிகாரம் செய்தவர்கள் உடுத்தியிருந்ததை அங்கேயே விட்டுவிட்டுப் போவது பிறந்ததிலிருந்து நான் பார்க்கிற காட்சி. பார்த்துப் பார்த்தே கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது. அவர் ஊருக்குள் வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அன்றைக்கு அவரிடம், நீர் எத்தனை நாள் இங்கே இருந்தீர் என்று நான் கேட்கவில்லை. வெட்கப்பட்டேன். புதுக்கண் என்று ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான் சொல்கிறேன். (நம் ஊருக்கு ஒருநாள் வந்து அல்வா, அரிவாள், “ஏலே” என்று மூன்றே சொல்லில் முடித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நாம் கைதட்டி அனுப்புகிறோம்.)

யாழ்ப்பாணம் போகாதவன் இலங்கையைப் பற்றிப் பேசலாமா என்று முன்வரிசையிலிருந்து ஒரு கேள்வி. பேசலாம். போன இடத்தைப் பற்றிப் பேசலாம். கொழும்பு, கண்டி, நுவரெலியா என்று தலைப்பிலேயே போட்டிருந்தேனே. வசதி இருக்கிறவன் பேச்சு என்றார் இன்னொருவர். மதுரைக்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரம், அங்கிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். சென்னைக்கு நாம் ராத்திரி முழுக்க ரயிலில் போகிறோம். இதற்கு மேல் அவருக்குப் பதில் இல்லை.

பெயர்ப்பலகைகளில் தமிழ் இருந்தது என்று சொன்னதற்குத்தான் பெரிய ஏளனம். “பலகையைப் பார்த்து ஏமாந்துவிட்டார்.” அண்ணாச்சி, 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்ததும், 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பிறகுதான் தமிழும் ஆட்சிமொழி ஆனதும் எனக்கும் தெரியும். எனக்கும் வாசிக்கத் தெரியும். அந்தப் பலகைகள் சிலவற்றில் எழுத்துப்பிழை இருந்ததையும் நானேதான் சொன்னேன். அது மட்டும் யார் காதிலும் விழவில்லை.

லயங்களை, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, பார்த்தீர்களா என்று கேட்டதுதான் உறுத்துகிறது. பார்த்தேன். கண்டியிலிருந்து நானு ஓயா போகிற ரயிலில், ஹட்டனைத் தாண்டியதும், தேயிலைப் பச்சைக்கு நடுவே தகரக்கூரை வரிசைகள் தெரிந்தன. பெட்டியில் எல்லாரும் ஜன்னல் வழியே செல்பேசியை நீட்டினார்கள். நானும் நீட்டினேன். பச்சை மட்டும் விழுகிற மாதிரி எடுத்தேன். நம் சீமையிலிருந்தும் ஆள் பிடித்துக் கொண்டுபோன மலை அது. 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். மேடையில் இதை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டவருக்கு ஒரு கேள்வி. மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலும் லயம்தான். 2024இல் அங்கிருந்தவர்களை இறங்கச் சொன்னபோது நீங்கள் எத்தனை நாள் அங்கே போய் இருந்தீர்கள்? நானும் போகவில்லை. அது வேறு விஷயம்.

இல்லை, வேறு விஷயம் இல்லை. சரி.

நான் சொல்ல வைத்திருந்ததே வேறு. எங்கள் அம்மாவின் பிறந்த வீட்டுக்குத் தெருவில் ‘கொழும்பு வீடு’ என்று பெயர். தாத்தா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சிப்பந்தியாக இருந்தவர். முதலாளி என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது, அவரும் மறுக்கவில்லை. திரும்பி வந்தபின் அந்த நாட்டைப் பற்றி வாயே திறந்ததில்லை. வீட்டில் சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பு வைக்கிற அன்று மட்டும், முதல் உருண்டையை வாயில் வைத்துவிட்டு, “இது அந்தச் சொதி இல்லை” என்பார். மறுவீட்டுச் சொதிக்கே பெயர் வாங்கிய ஆச்சி அன்று முழுக்க அவரோடு பேசமாட்டாள். முதல் பால், இரண்டாம் பால், பாசிப்பருப்பு, காய்கறி, இஞ்சித் துவையல் என்று அத்தனை பாடுபட்டவளுக்குக் கோபம் வராதா?

புறக்கோட்டை குறுக்குத் தெருக்களில் அந்தக் கடையைத் தேடினோம். பெயர்கூடச் சரியாகத் தெரியாமல் எங்கே தேடுவது? மத்தியானம் அம்மாவுக்கு முட்டு வீங்கிவிட்டது. பக்கத்துச் சைவக் கடையில் உட்கார்ந்தோம். இடியாப்பத்துக்குச் சொதி ஊற்றினார்கள். பருப்பும் இல்லை, காயும் இல்லை. மஞ்சளாக, தண்ணீராக, பச்சைமிளகாய் மிதந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு இலையில் கையை ஊன்றிக்கொண்டாள். “அப்பா சொன்னது இதைத்தான்டா” என்றாள்.

இதைச் சொல்ல ஐந்து நிமிடம் கேட்டேன். நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். அதற்குப் பிறகு அண்ணாச்சிக்கு மட்டும் இருபது நிமிடம் எங்கிருந்து கிடைத்தது என்று தெரியவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருவாயா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சுண்டலுக்காக வேண்டுமானால் வருகிறேன்.