கையை விட்டுப் பார்ப்பேன்

முதுகெலும்பு அறுவையில் பிறர் இரத்தம் ஏற்றுவதைக் குறைப்பது பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் சிந்தும் இரத்தத்தை உறிஞ்சி, கழுவி, நோயாளிக்கே திருப்பி ஏற்றும் இயந்திரத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது. செலவில்லாத வழியை விட்டுவிட்டீர்களே! அறுவை அரங்கில் இருபது ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்ததும் வயிற்றுக்கும் மேசைக்கும் நடுவே கையை விட்டுப் பார்ப்பேன். தாராளமாகப் போக வேண்டும். வயிறு அமுங்கினால் பெருஞ்சிரையும் அமுங்கும். இதயத்துக்குத் திரும்ப வேண்டிய இரத்தம் வால்வு இல்லாத முதுகெலும்புச் சிரைகளில் போய்த் தேங்கும். பிறகு கத்தி பட்ட இடமெல்லாம் கசியும்.

இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலத்துக்கு ஒரே ஒரு வரிதானா? ஜப்பானின் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் 1962இல் அறிவித்த மருந்து. மாதவிடாய்ப் பெரும்போக்குக்கு மாத்திரையாகத் தருகிறார்களே, அதேதான், இங்கே ஊசியாக. விலையும் குறைவு.

என் அக்காவுக்கு அறுவைக்கு முன் ஹீமோகுளோபின் 9. "இரத்தம் கொடுக்க நான்கு பேரைக் கூட்டி வாருங்கள்" என்றார்கள்; இரும்புச்சத்து பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாங்களாகக் கேட்டு இரும்பூசி போட்டு, ஒரு மாதம் கழித்து 11ஐத் தொட்ட பிறகுதான் அறுவைக்குச் சம்மதித்தோம். அறுவையன்று வந்து காத்திருந்த நால்வரும் காப்பி குடித்துவிட்டு வீடு திரும்பினார்கள்.