“முகம் பதியாது” என்று இனி என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்

சனிக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்கும் தெரியும். முதியோர் இல்லங்களின் படுக்கையறையிலும் குளியலறையிலும், கீழே விழுபவரைக் கண்டறிய, ஒளிமாற்றத்தை மட்டும் பதியும் ஈவென்ட் கேமராவைப் பொருத்தப்போகிறவர்கள், “இதில் முகம் பதியவே பதியாது, ஆகவே அங்கிருப்பவர்களிடம் ஒப்புதல் கேட்கத் தேவையில்லை” என்றார்கள். அது தவறு என்று எழுந்து சொன்னேன். “சார் பழைய புத்தகத்தைப் படித்துவிட்டு வந்திருக்கிறார்” என்று மேடையிலிருந்து பதில் வந்தது, அரங்கம் சிரித்தது. சிரித்தவர்களில் என் நண்பர்களும் இருந்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஈவென்ட் கேமரா முழுப் படங்களை வரிசையாக எடுப்பதில்லை என்பது உண்மை. அதன் ஒவ்வொரு பிக்சலும் தன்மீது விழும் ஒளி கூடினாலோ குறைந்தாலோ மட்டும், எந்த இடத்தில், எந்த மைக்ரோநொடியில், கூடியதா குறைந்ததா என்று சொல்லும். மாற்றம் இல்லையென்றால் வாயே திறக்காது. 2008இல் டோபி டெல்ப்ரூக்கும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட 128 × 128 பிக்சல் சென்சாரிலிருந்து இத்துறை வேகம் பிடித்தது. சைகைகளை அறிய இதைவிடப் பொருத்தமான கருவி அரிது. கைதட்டல், கையசைப்பு, காற்றில் கிட்டார் வாசிப்பது என 11 வகைச் சைகைகளை 200 மில்லிவாட்டுக்கும் குறைவான மின்சாரத்தில் அடையாளம் காணும் அமைப்பை ஐபிஎம் ஆய்வாளர்கள் 2017இலேயே காட்டிவிட்டார்கள். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. முகம் பதியாது என்பதை மட்டுமே மறுக்கிறேன்.

2019இல் சூரிக் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரெபெக், தாவிதே ஸ்காராமுஸ்ஸா குழுவினர், இந்த ஒளிமாற்றப் புள்ளிகளிலிருந்தே கறுப்பு வெள்ளைக் காணொளியை மீட்டெடுக்கும் முறையை வெளியிட்டார்கள். அதன் நிரல் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. பழைய புத்தகம் படித்தவர் யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மீட்டெடுக்கக்கூடத் தேவையில்லை. ஒருமுறை ஆய்வகத்துக்கு வந்த என் அம்மாவை இந்தக் கேமராவின் முன்னால் உட்கார வைத்தேன். அசையாமல் இருந்தவரை திரையில் இரைச்சல் புள்ளிகளைத் தவிர எதுவும் இல்லை. கண்ணைச் சிமிட்டியதும் இரண்டு சிறு கீற்றுகள் மின்னி மறைந்தன. பிறகு எதற்கோ சிரித்தார். கன்னத்து மடிப்பும், மூக்குத்தியின் ஓரமும், தலையை இடப்பக்கம் சாய்க்கும் அந்த வழக்கமும் புள்ளிகளாக எழுந்து வந்தன. அது என் அம்மா என்று சொல்ல எனக்கு எந்தக் கணினியும் வேண்டியிருக்கவில்லை. கணினிக்கும் இது புதிதன்று: கண்சிமிட்டும் கால ஒழுங்கை வைத்தே முகத்தைக் கண்டுபிடித்துத் தொடரும் முறையை கிரிகோர் லென்ஸ் குழுவினர் 2020இல் வெளியிட்டார்கள்.

“அவ்வளவு குறைந்த பிக்சலில் முகமா?” என்பார்கள். சோனியும் புரொஃபசி என்ற பிரெஞ்சு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ஈவென்ட் சென்சார் 1280 × 720 பிக்சல் கொண்டது. “மூலத் தரவைச் சேமிக்க மாட்டோமே?” என்பார்கள். நல்லது, அதை எழுத்தில் தாருங்கள். அது உங்கள் வாக்குறுதியே தவிர சென்சாரின் இயல்பு அன்று. சாதாரண கேமராவுக்கு இது மேல் என்ற வாதத்தை ஏற்கிறேன். ஆனால் குளியலறையில் சாதாரண கேமராவை வைக்கச் சொன்னது யார்?

“கீழே விழுந்தவரைக் காப்பாற்ற வேண்டாமா, நீங்கள் மனிதர்தானா?” என்று கேட்டவருக்கும் சொல்கிறேன். விழுவதை இது அருமையாகப் பிடிக்கும். விழுந்தபின் அசைவற்றுக் கிடப்பவர் இதன் பார்வையிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிடுவார். எழுந்து போய்விட்டாரா, அங்கேயே கிடக்கிறாரா என்று அறிய என்ன வைத்திருக்கிறீர்கள் என்றும் அன்று கேட்டேன். அதற்குள் ஒலிவாங்கியை வாங்கிவிட்டார்கள். பரவாயில்லை, தேநீர் நேரமாகிவிட்டதாம்.

இத்தனைக்கும் என்னைச் சுட்டது அந்தச் சிரிப்பன்று. “அந்த வயதில் என்ன கூச்சம்?” என்று நன்கு படித்த ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருந்தார். முழங்கால் வலியால் என் தோளைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசல்வரை வருகிற அம்மா, அங்கே என் கையை எடுத்துவிட்டுக் கதவைத் தாமே சாத்திக்கொள்கிறார். உள்ளே எதைப் பொருத்தலாம், எதைப் பொருத்தக் கூடாது என்று அவரிடம் கேளுங்கள். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.