மட்டி அவிக்க 14 யூரோ வைன் வேண்டாம்

போன சனிக்கிழமை தங்கச்சி சுப்பர்மார்க்கெட்டில் நின்றபடி ஒரு போத்தலின் படத்தை அனுப்பினாள். "அண்ணை, மட்டி அவிக்க இது நல்லதோ?" பூர்கோன் ஷார்தொனே என்ற வெள்ளை வைன், ஓக் பீப்பாயில் வைத்தெடுத்தது, 14 யூரோ. "அதை வைச்சிட்டு 4 யூரோ முஸ்கதே ஒண்டு எடு" என்று எழுதினேன். காசு மிச்சம் பிடிக்கச் சொல்கிறேன் என்றுதான் நினைத்திருப்பாள். 14 யூரோ போத்தல் அந்தச் சட்டியைக் கெடுத்திருக்கும்.

பாரிஸ் குசினிகளில் எங்கட ஆட்கள் கனபேர் கோப்பை கழுவத் தொடங்கி அடுப்படிக்கு வந்தவர்கள். நானும் அப்படித்தான். வைன் குடித்துப் பழகாமலே வைனில் சமைக்கப் பழகினோம். அதனாலோ என்னவோ, விலை கூடினால் கறியும் ருசிக்கும் என்ற நினைப்பு எங்களை விட்டுப் போகுதில்லை.

சட்டிக்குள் வெள்ளை வைன் செய்கிற வேலை புளியின் வேலை. மீன் குழம்புக்குப் பழப்புளி எதற்கோ, பட்டரும் கிறீமும் சேர்ந்த சோஸுக்கு வைன் அதற்கு. விலை கூடின போத்தலின் நுண்ணிய வாசமெல்லாம் கொதியில் ஆவியாகிப் போய்விடும். புளிப்பும் சீனியும் பீப்பாய் மரத்தின் கசப்பும்தான் மிஞ்சும். வற்ற வற்ற இந்த மூன்றும் இறுகும். ஆகவே சீனியும் மரமும் இல்லாத, புளிப்புத் தூக்கலான வைன்தான் வேண்டும். நாந்த் பக்கத்து முஸ்கதே, மரம் படாத சொவினியோன், தென்மேற்கின் கோத் து காஸ்கோன் எல்லாம் மலிவாகவே கிடைக்கும். கோத் து காஸ்கோனில் இனிப்பானதும் உண்டு, லேபிளில் 'செக்' (இனிப்பில்லாதது) என்று இருக்கிறதா பாருங்கள். ஐரோப்பியச் சட்டப்படி பொதுவாக லீட்டருக்கு 4 கிராம் சீனிக்கு மேல் போகாததுதான் செக். புளிப்புப் போதுமானதாக இருந்தால் 9 கிராம் வரை விடுவார்கள். 'தெமி-செக்' (அரை இனிப்பு), 'முவாலே' (இனிப்பு) என்று இருந்தால் தொடாதீர்கள்.

முஸ்கதே வேறு, முஸ்கா வேறு. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் கடைக்கு அனுப்பியபோது நான் வாங்கி வந்தது முஸ்கா து ரிவ்சால்த். லீட்டருக்கு 100 கிராமுக்குக் குறையாத சீனி. இரண்டு கிலோ மட்டி பாணி மாதிரி இனித்தது, அவ்வளவையும் கொட்டினோம். அன்றைக்குக் குனிந்த தலை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

உப்புப் போட்டு 'சமையல் வைன்' என்று விற்பதையும் வாங்காதீர்கள். மட்டியே கடலுப்போடு வருகிறது.

ஒரு கிலோ மட்டிக்கு 150 மில்லிலீட்டர் போதும். பட்டரில் எஷலோத் வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, வைனை விட்டு, பாதியாக வற்றிய பிறகு மட்டியைப் போட்டு மூடுங்கள். வாய் திறந்தவுடன் இறக்க வேண்டும். கிறீம் விடுகிறவர்கள் வற்றுமுன் விட்டால் பச்சை வைன் வாடை போகவே போகாது. அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்புக்கு உலோகச் சுவை ஏறும்.

'கொதிச்சா அல்ககோல் எல்லாம் போயிடும்' என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். போகாது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணைப்படி 15 நிமிடம் கொதித்தபின் 40 வீதமும், ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகும் 25 வீதமும் மிஞ்சும். மட்டி ஐந்து நிமிடச் சமையல். பிள்ளைகளுக்கும், சமயத்துக்காகவோ மருந்துக்காகவோ தவிர்க்கிறவர்களுக்கும் தேசிக்காய்ப் புளியும் மீன் அவித்த தண்ணீரும் விட்டுத் தனிச் சட்டியில் செய்யுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் ஊட்டுவது பெரிய பிழை.

இரவு தங்கச்சி திரும்ப எடுத்தாள். மட்டி சரியாக வந்ததாம், மிச்ச வைனை என்ன செய்வதென்று கேட்டாள். ஐஸ்கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைக்கச் சொன்னேன். அடுத்த முறை மீன் சோஸுக்கு நாலு கட்டி எடுத்துப் போட்டால் சரி.