புயல் மாதத்தில் வரும் திருவருகைக் காலம்

கிறிஸ்துமஸுக்கு முந்திய நாலு ஞாயிறும் அடங்கிய தயாரிப்புக் காலம்தான் திருவருகைக் காலம். 2024 டிசம்பர் 1, அதன் முதல் ஞாயிறு. முந்தின நாள் இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அன்றைய பூசைக்குரிய நற்செய்தி லூக்கா 21ஆம் அதிகாரம்: கடல் முழங்கும், மக்கள் என்ன செய்வதென்று தெரியாமல் கலங்குவார்கள். நமக்காக யாரும் பொறுக்கி எடுத்து வைத்த வாசகம் அல்ல. மூன்றாண்டுக்கு ஒருமுறை சுற்றி வரும் பட்டியலில் அந்த ஞாயிறுக்கு உலகம் முழுக்க அதுதான். அதே பகுதியில் இயேசு சொல்கிறார்: தலைநிமிர்ந்து நில்லுங்கள், உங்கள் மீட்பு நெருங்கி வருகிறது.

கடலூர், புதுச்சேரிக் கரையில் இந்தக் காலமே அப்படித்தான் வந்து விழுகிறது. முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும், பருவமழை ஓயாத நேரம். 2004 சுனாமி கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அன்று திருக்குடும்ப ஞாயிறு. கைக்குழந்தை இயேசுவோடு இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடிய குடும்பத்தைப் பற்றிய நற்செய்தி. தானே புயல் 2011 டிசம்பர் 30, கிறிஸ்துமஸ் வாரம் முடியும் முன்னே.

இதையெல்லாம் கடவுளின் தண்டனை என்று பிரசங்கிப்பவர்கள் லூக்கா 13ஐத் திறந்து பார்க்கட்டும். சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதில் சொல்லிவிட்டார். வெள்ளத்தில் பாய் தலையணை போன வீட்டில் நின்று பாவக்கணக்கு பேசுவது நற்செய்தி அல்ல.

2024இன் அந்த முதல் ஞாயிறில் முதல் வாசகம் இறைவாக்கினர் எரேமியாவின் நூல், 33ஆம் அதிகாரம். அதற்கு முந்திய அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது, எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நிலையில் தன் சொந்த ஊரான அனத்தோத்தில் ஒரு நிலத்தை 17 செக்கேல் (அக்கால எடை அளவு) வெள்ளி எடை போட்டுக் கொடுத்து வாங்குகிறார். சாட்சிக் கையெழுத்து, முத்திரை, எல்லாம் முறைப்படி. பத்திரம் நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். இந்த நாட்டில் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் மறுபடி வாங்கப்படும் என்பதுதான் ஆண்டவர் தந்த வாக்கு. "எல்லாம் சரியாகிவிடும்" என்று எரேமியா ஆறுதல் பேசவில்லை. பணத்தைக் கொடுத்துப் பத்திரம் முடித்தார். கிறிஸ்தவ எதிர்நோக்கு என்று நான் நம்புவது இதைத்தான்.

அதனால் வீட்டில் திருவருகை வளையத்தை, ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் நாலு மெழுகுவத்தி வளையத்தை, ஒழுங்காக வையுங்கள். ஊதா மெழுகுவத்தி மூன்று, ரோஸ் ஒன்று. ரோஸ் மூன்றாம் ஞாயிறான மகிழ்ச்சி ஞாயிறுக்கு. பலர் கடைசி வாரத்துக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். ஊதா கிடைக்காவிட்டால் வெள்ளை போதும், அடியில் ஊதா நாடா கட்டிக்கொள்ளலாம். தெர்மாகோல் வளையமும் காகித இலையும் வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும். தகரத் தட்டில் இரண்டு அங்குலம் ஈரமணல் பரப்பி, ஒன்றுக்கொன்று நாலு அங்குலம் தள்ளி ஊன்றி, சுற்றிலும் சவுக்குக் கொத்து வையுங்கள். சவுக்கு ஒரு வாரத்தில் காய்ந்து உதிரும். சனிக்கிழமைதோறும் மாற்றிவிட வேண்டும். முதல் மெழுகுவத்தி நாலு வாரமும் எரிய வேண்டியது. மாலை ஜெபத்துக்குக் கால் மணி நேரம் ஏற்றினால் கிறிஸ்துமஸ் வரை தாங்கும். கரண்ட் போனதும் அதையே பிடுங்கி அடுப்படிக்குக் கொண்டுபோனால் இரண்டாம் வாரமே தீர்ந்துவிடும். வெளிச்சத்துக்குத் தனியாக ஒரு பாக்கெட் வாங்கி வையுங்கள்.

கிறிஸ்துமஸ் குடிலைத் தரையில் கட்டாமல் இரண்டு செங்கல் உயரத்தில் கட்டுங்கள். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் வாசல் நட்சத்திரத்தை இறக்கி, சீரியல் விளக்கின் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். மழையில் அறுந்து தொங்கும் ஒயர் ஆளைக் கொல்லும்.

முதல் ஞாயிறு மாலை, ஜெபம் முடிந்த கையோடு இன்னொரு வேலை. பட்டா, ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக், திருமுழுக்கு, திருமணச் சான்று எல்லாவற்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை இறுகக் கட்டி, பரண்மேல் வையுங்கள். பீரோவின் அடித்தட்டில் வைத்தால் முதலில் நனைவது அதுதான். பங்குக் கோயிலிலும் பதிவேடுகளைக் கீழ்த்தட்டிலிருந்து மேலே ஏற்றுங்கள். கோயில் மண்டபச் சாவி பக்கத்தில் குடியிருக்கும் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். ராத்திரி தண்ணீர் ஏறினால் எந்த மதத்தார் வந்தாலும் கதவைத் திறக்க வேண்டும்.