தாத்தா கதை போதும் அண்ணா

எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். எங்கள் தெருத் தம்பி ஒருவர் ஷட்டில் கோர்ட்டில் ஆடிக்கொண்டிருந்தபோதே சரிந்து இறந்துபோனார், அந்த விஷயம் உங்கள் எல்லோருக்கும் தெரியும், இறந்தவர் பெயரை நான் இங்கே இழுக்கப் போவதில்லை. 41 வயது. பதினாறாம் நாள் காரியம் கூட இன்னும் முடியவில்லை. அதற்குள் எங்கள் தெரு வாட்ஸப் குரூப்பில் ஒரு அண்ணன் நாலரை நிமிஷத்துக்கு வாய்ஸ் நோட் போட்டிருக்கிறார். "தினமும் வாக்கிங் போனான், சோத்தக் குறைச்சான், சிகரெட்டத் தொட்டதில்ல, என்ன ஆச்சு? எங்க தாத்தா கறியும் நெய்யுமா தின்னு 92 வயசு வரைக்கும் இருந்தாரு. எல்லாம் எழுதி வச்சதுதான்." அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வீட்ல பொங்கிப் போடுறவங்க பார்த்துப் போட்டா எதுக்கு இப்படி ஆகுது" என்கிறார். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு.

அண்ணா, விதி என்றால் விதி. சமைத்தவள் மேல் தப்பு என்றால் அது விதி இல்லை. நாலரை நிமிஷத்துக்குள் இரண்டையும் எப்படிச் சொன்னீர்கள்?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு ஆளின் கதை வேறு, ஊர்க்கணக்கு வேறு. எந்த ஆள் எப்போது விழுவார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஊரில் ஆயிரம் ஆண்கள் இருந்தால், அந்த ஊர் என்ன சாப்பிடுகிறது, எவ்வளவு புகைக்கிறது, எவ்வளவு உட்கார்ந்தே கிடக்கிறது என்பதை வைத்து, அதில் நிறையப் பேர் நெஞ்சுவலியில் போவார்களா கொஞ்சம் பேரா என்று சொல்ல முடியும். ஒரு தாத்தாவைக் காட்டி அதைப் பொய்யாக்க முடியாது. அந்தத் தாத்தாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் அறுபதைப் பார்த்தார்கள் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? சீக்கிரம் போனவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. அப்புறம், தாத்தா கறி தின்றது தீபாவளிக்கும் ஊர்க்கொடைக்கும். மற்ற நாளெல்லாம் கம்மங்கூழைக் குடித்துவிட்டு, மாடு பூட்டிக் கிணற்றில் கமலை இறைத்தார். அந்தக் கமலையைக் கதையில் விட்டுவிட்டீர்களே.

பின்லாந்தில் ரஷ்ய எல்லையை ஒட்டி வடக்கு கரேலியா என்று ஒரு பகுதி இருக்கிறது. குளிர் பிரதேசம், காடு வெட்டுகிறவர்களும் மாடு வளர்க்கிறவர்களும் நிறைந்த ஊர். மெலிந்து சோம்பிக் கிடந்தவர்கள் இல்லை, உடம்பு முறிய உழைத்தவர்கள். 1960களின் கடைசியில் உலகத்திலேயே மாரடைப்பில் ஆண்கள் அதிகமாகச் செத்த இடங்களில் அதுதான் முன்னால் நின்றது. வீட்டுக்கு வீடு நடுவயது ஆண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ரொட்டியில் தடவ வெண்ணெய், குடிக்க ஆடை எடுக்காத பால், எல்லாவற்றிலும் உப்பு, காய்கறி என்றால் மாட்டுக்குப் போடுவது என்ற நினைப்பு, ஆண்களில் பாதிப்பேர் கையில் சிகரெட். அவர்களும் அதை விதி என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் 1971இல் அந்த ஊர்க்காரர்களே அரசாங்கத்திடம் மனு கொடுத்தார்கள், எங்களுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று. 1972இல் வேலை தொடங்கியது. பெக்கா புஸ்கா என்ற டாக்டர் தலைமை, அப்போது அவருக்கு முப்பது வயது கூட ஆகவில்லை.

என்ன செய்தார்கள் தெரியுமா? மாத்திரைச் சீட்டோடு நிற்கவில்லை. மார்த்தா என்ற பெண்கள் சங்கத்தோடு சேர்ந்து கிராமம் கிராமமாகக் கூடிச் சமைத்துக் காட்டினார்கள், இறைச்சிக் குழம்பில் கொழுப்பைக் குறைத்து, காயைக் கூட்டி. சாசேஜ் செய்கிறவர்களிடம் பேசி, கொழுப்பைக் குறைத்துக் காளான் சேர்க்க வைத்தார்கள். பால் பண்ணைக்காரர்கள் எங்கள் பிழைப்பில் மண்ணைப் போடுகிறீர்கள் என்று சண்டைக்கு வந்தார்கள், நியாயம்தானே, அதனால் பெர்ரி பயிரிட உதவி செய்தார்கள். எந்த ஊர் கொலஸ்ட்ராலை அதிகம் குறைக்கிறது என்று ஊருக்கு ஊர் போட்டி கூட வைத்தார்கள். முதல் ஐந்து வருஷத்துக்குப் பிறகு அது நாடு முழுக்கப் போனது. நாற்பது வருஷத்தில் அந்தப் பகுதியில் வேலை பார்க்கும் வயதுள்ள ஆண்களின் மாரடைப்புச் சாவு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. வைத்தியம் முன்னேறியதும் ஒரு காரணம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பங்கு ஊர் வாழும் விதம் மாறியதால்தான். அத்தனை பேரின் தலையெழுத்தையும் அழித்து எழுதினார்களா, ரொட்டியில் தடவியதை மாற்றினார்களா?

"அது வெள்ளைக்காரன் உடம்பு, நமக்குப் பரம்பரை" என்று யாராவது வருவீர்கள். பரம்பரை இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? ஆனால் 1965இல் தொடங்கிய ஒரு ஆய்வில் ஜப்பானிய ஆண்களை மூன்று இடத்தில் பார்த்தார்கள், ஜப்பானிலேயே இருந்தவர்கள், ஹவாயில் குடியேறியவர்கள், கலிபோர்னியாவில் குடியேறியவர்கள். ஒரே வம்சம்தான். மாரடைப்பு ஜப்பானில் குறைவு, ஹவாயில் கூடுதல், கலிபோர்னியாவில் அதைவிடக் கூடுதல். கப்பல் ஏறினால் பரம்பரை மாறிவிடுமா?

கொலஸ்ட்ராலே மருந்துக் கம்பெனிகளின் சதி என்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

"அப்படியானால் அவர் ஏன் இறந்தார், எல்லாம் சரியாகத்தானே செய்தார்" என்பதுதான் எனக்கும் கஷ்டமான கேள்வி. வாழும் முறை ஆபத்தைக் குறைக்கும், அறவே இல்லாமல் ஆக்காது. இதயத் தசையிலேயே பிறவியாக ஒரு கோளாறு இருந்து, வெளியில் தெரியாமலே இருந்து, ஓடியாடும்போது ஒரு நாள் ஆளைச் சாய்த்துவிடுவது உண்டு. அவருக்கு என்ன நடந்தது என்பது அவரைப் பார்த்த டாக்டருக்கும் அவர் வீட்டுக்கும் உள்ள விஷயம். வாய்ஸ் நோட்டில் தீர்ப்பு எழுத நாம் யார்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றும் சொல்லிவிடுகிறேன். 2006இல் அப்பா இறந்தபோது அவருக்கு வயது 52. பல வருஷம் கழித்துத்தான், 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களைப் பார்த்த ஒரு ஆய்வைப் படித்தேன். அதில் நம் தெற்காசியர்களில் பாதிப்பேருக்கு முதல் மாரடைப்பு 53 வயதுக்குள் வந்திருந்தது, மற்றவர்களுக்கு அந்தப் பாதிக் கணக்கு 59ஐ ஒட்டி. படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அது வரைக்கும் அது எங்கள் வீட்டில் மட்டும் விழுந்த இடி என்று நினைத்திருந்தேன்.

அப்பா லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதினார். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் இரவு ஒன்பது வரை. நடுவில் நாலு டீ, இரண்டு வடை, ஒரு பாக்கெட் சிகரெட். பிரஷர் மாத்திரையை இரண்டு மாசம் போட்டுவிட்டு, தலைசுற்றல் நின்றுவிட்டது, சரியாகிவிட்டது என்று நிறுத்திவிட்டார். அன்றைக்கு விடியற்காலை நாலு மணிக்கு நெஞ்சை அடைக்கிறது என்றார். வாயுதான் என்று அம்மா சீரகத் தண்ணீர் கொடுத்தார், அப்புறம் சோடா. ஆறரைக்கு ஆட்டோ வந்தது. ஏழு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர், அம்மா காதுபட, "அப்பளம் பொரிச்சுப் பொரிச்சுப் போட்டா" என்று சொன்னார்.

மாதக் கடைசியில் கையில் இருந்த காசுக்கு வாங்க முடிந்த எண்ணெயில்தான் அம்மா சமைத்தார். அந்த எண்ணெயை விற்றவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, பதிமூன்று மணி நேரம் உட்கார வைத்த முதலாளியைக் கேட்கவில்லை, மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று வீட்டுக்கு வந்து கேட்க அப்போது யாரும் கிடையாது. வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிற அரசுத் திட்டம், மக்களைத் தேடி மருத்துவம், வந்தது 2021இல். இப்போது எங்கள் தெருவுக்கு அந்தத் திட்டத்துப் பெண் பிரஷர் பார்க்க வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். டால்டாவில் இருந்த, இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பை இந்த நாட்டில் நூற்றுக்கு 2க்கு மேல் இருக்கக் கூடாது என்று கட்டிப்போட்டது 2022இல். அதற்கு முன்னால் பேக்கரி பப்ஸில் என்ன இருந்தது என்று எந்த வீட்டம்மாவுக்குத் தெரியும்? இன்றைக்கும் ரேஷனில் மலிவாகக் கிடைப்பது கொலஸ்ட்ராலைக் கூட்டுகிற பாமாயில். அதைக் கேளுங்கள். கலெக்டர் ஆபீசில் போய்க் கேளுங்கள், நானும் வருகிறேன்.

"அப்போ தனி மனுஷனுக்குப் பொறுப்பே இல்லையா" என்பீர்கள். இருக்கிறது. நானும் உப்பைக் குறைத்துவிட்டேன், நடக்கிறேன். அது என் பொறுப்பு. அதற்காக இறந்தவரையோ அவர் மனைவியையோ கூண்டில் ஏற்றுகிற உரிமை உங்களுக்கு வந்துவிடாது.

அம்மா அப்பளம் பொரித்தே எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. திவசத்துக்கு வடை சுட வேண்டியிருந்தால் என்னைச் சுடச் சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். உன் மேல் தப்பில்லை என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

அண்ணா, அந்தக் குரூப்பில் அம்மாவும் இருக்கிறார். உங்கள் வாய்ஸ் நோட்டை இரண்டு தடவை கேட்டார். ஷட்டில் கோர்ட் தம்பியின் மனைவியும் அதில் இருக்கிறார், பார்த்தீர்களா? அதை அழித்துவிடுங்கள்.