கரகரப்பைக் கழுவி எடுத்த கைகளுக்கு ஒரு கும்பிடு

எழுதவே கூடாது என்றுதான் மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் நான் பகிர்ந்த சன் ஹவுஸ் பாட்டை (புளூஸ் என்கிற அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டைப் பாடியவர்) எடுத்து, ஏதோ ஒரு ஆப்பில் போட்டு அலசிப் பிழிந்து, 'சுத்தமான பதிப்பு' என்று காயப்போட்ட நண்பரைத்தான் சொல்கிறேன். யாரென்று உங்களுக்கே தெரியும். பாதிப் பேர் போய் ஹார்ட் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், பார்த்தேன். என் பதிவுக்கு 23 லைக், அதற்கு 400 சொச்சம். பொறாமை என்பீர்கள். கொஞ்சம் பொறாமையும்தான், இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் அடியில் நைசாக ஒரு டிரம்ஸ் சேர்த்திருக்கிறாரே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அது எப்பேர்ப்பட்ட இசைத்தட்டு என்று தெரிந்துதான் கை வைத்தாரா? 1930-ல் சன் ஹவுஸ் அமெரிக்காவின் மிசிசிபி மாநிலத்திலிருந்து சக புளூஸ்காரர்கள் சார்லி பேட்டன், வில்லி பிரவுன், லூயிஸ் ஜான்சன் இவர்களோடு விஸ்கான்சினில் உள்ள கிராஃப்டன் என்ற சின்ன ஊருக்குப் போய்ப் பாடியது. பதிவு செய்தது பாரமவுண்ட் கம்பெனி. சினிமா பாரமவுண்ட் இல்லை. நாற்காலி செய்கிற ஒரு கம்பெனியின் கிளை. கிராமபோன் பெட்டி செய்தார்கள். பெட்டி விற்க வேண்டுமென்றால் தட்டும் வேண்டுமே என்று தட்டும் போட்டார்கள். மட்டமான அரக்கு. புதுத் தட்டே கரகரக்கும். நாட்டில் பணமுடை, வாங்க ஆளில்லை. மூல அச்சுகளைப் பழைய உலோகமாக எடைக்குப் போட்டார்கள், ஊழியர்கள் ஆற்றில் வீசினார்கள் என்றெல்லாம் கதை உண்டு.

அந்தத் தட்டின் ஒரு பக்கம் 'கிளார்க்ஸ்டேல் மோன்', மறுபக்கம் 'மிசிசிபி கவுன்டி ஃபார்ம் புளூஸ்'. அப்படி ஒரு தட்டு வந்தது என்பது மட்டும்தான் தெரியும். சேகரிப்பவர்கள் தலைகீழாக நின்றும் 75 வருடம் ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. 2005 வாக்கில் ஒன்று வெளியே வந்தது, 2006-ல் சிடியில் ஏறியது. பார்ச்மன் சிறைப் பண்ணையில் இருந்துவிட்டு வந்த மனுஷன் சிறைப் பண்ணையைப் பற்றிப் பாடியது அது. அதே வண்டியில் போன வில்லி பிரவுனின் தட்டு ஒன்று இன்றுவரை அகப்படவில்லை.

அந்தக் கரகரப்பு அழுக்கு இல்லை ஐயா. அந்தத் தட்டு பட்ட பாடு அது. யாரோ ஒருத்தர் ஊசி தேயத் தேயப் போட்டுக் கேட்ட தடம்.

இதே சன் ஹவுஸை 1941-ல் நாட்டுப்புறப் பாட்டு சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக ஒலிப்பதிவு செய்தார். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடைதான் ஸ்டூடியோ. பாட்டுக்கு நடுவே ரயில் போகிறது. முதலில் தூரத்தில் ஒரு முனகல், அப்புறம் கடையே நடுங்குகிற மாதிரி சத்தம், மனுஷன் நிறுத்தாமல் பாடிக்கொண்டே இருக்கிறார். நண்பரின் ஆப் கையில் கிடைத்தால் முதல் வேலையாக அந்த ரயிலைத்தான் துடைக்கும்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்றால், இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். அப்பா பாடிய கேசட் ஒன்று இருந்தது. பெரிய பாடகர் எல்லாம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மதியப் பாட்டு. எம்பி3 ஆக்கித் தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தேன். "இரைச்சலை எல்லாம் எடுத்துட்டேன் சார்" என்று பெருமையாகக் கொடுத்தார். வீட்டில் போட்டால் அப்பா கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிறார். சரணத்துக்கு முன்னால் குக்கர் விசில் அடிக்கும், அம்மா "போதும், சாப்பிட வாங்க" என்பாள். இரண்டும் காணோம். கேசட்டைத் திருப்பிக் கேட்டேன். தூக்கிப் போட்டாயிற்றாம்.

சரி, வரப்போகிற கேள்விகளுக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். "உன்னிடம் அந்தத் தட்டு இருக்கிறதா? நீயும் போனில்தானே கேட்கிறாய்?" ஆமாம், போனில்தான், அதுவும் 300 ரூபாய் இயர்போனில். அதனால் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? "பழைய பதிவுகளைச் சுத்தம் செய்வதே தப்பா?" நான் எங்கே அப்படிச் சொன்னேன்? பக்குவமாகச் செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அவர்கள் புண்ணியத்தில்தான் நானே கேட்கிறேன். அவர்கள் டிரம்ஸ் சேர்ப்பதில்லை. "1965-ல் கொலம்பியா கம்பெனிக்கு சன் ஹவுஸே பளிச்சென்று பாடித் தந்தாரே, அவருக்கே அதுதான் பிடித்திருக்கும்." இருக்கலாம். அது வேறு.

அந்த 1965-க்கு முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1964 ஜூனில் மூன்று வெள்ளைக்கார இளைஞர்கள் ஃபோக்ஸ்வாகன் காரில் மிசிசிபி முழுக்க அவரைத் தேடினார்கள். அவரோ 1943-லேயே நியூயார்க் மாநிலத்தில் உள்ள ரோச்செஸ்டருக்குக் குடிபோய், ரயில்வேயில் வேலை பார்த்து, பாட்டையே விட்டிருந்தார். கண்டுபிடித்தபோது வாசித்துப் பல வருடம் ஆகியிருந்தது. ஆலன் வில்சன் என்ற பொடியன் பழைய தட்டுகளைக் கேட்டுக் கற்றதை வைத்து, அவர் பாட்டை அவருக்கே நினைவுபடுத்தினான். மேலே உட்கார்ந்திருந்த கரகரப்புக்கு அடியில் அந்தக் கை என்ன செய்கிறது என்று காது வைத்துக் கேட்டதால்தானே முடிந்தது? டிரம்ஸ் போட்ட பதிப்பைக் கேட்டிருந்தால் எதை நினைவுபடுத்தியிருப்பான்?

நண்பரிடம் இதை உள்பெட்டியில் தன்மையாகத்தான் சொன்னேன். "யாருமே கேட்காத பாட்டை நாலு பேர் கேட்க வைத்தேன், நன்றி சொல்லுங்கள்" என்றார். யாருமே கேட்காத பாட்டாம். பத்து வருடம் முன்பு புளூஸ் என்றால் என்ன என்று கேட்டவருக்கு ராத்திரி பதினொரு மணிக்கு இதே தெருமுனை டீக்கடையில் ஆளுக்கொரு இயர்போன் மாட்டிக் கேட்க வைத்தவன் நான். அதையும் துடைத்துவிட்டார் போல.

நேற்று அந்த ஆடியோவை எடுத்துவிடச் சொல்லி மறுபடி எழுதினேன். சிரிக்கிற பொம்மை ஒன்று வந்திருக்கிறது. அசல் என் பக்கத்தில் அப்படியேதான் இருக்கிறது, கரகரப்போடு.